முதல் ரேடியோ விமானம்: பினாங்கில் கிட் வாங்கிக் கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெட்டியில் வரும் மரத்துண்டுகளை ஒட்டி, மோட்டாரும் ரேடியோவும் பொருத்தி, கையால் கட்டிய விமானத்தைப் பறக்கவிட வேண்டும் என்ற ஆசை நம்மவர்களில் பலருக்கு உண்டு. தீவில் இருப்பவர்களும் எதிர்க்கரையான செபராங் பிறைப் பக்கம் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைக் கீழே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சொந்த விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும்.

ஸ்பிட்ஃபயர் மாதிரி ஒரு போர் விமானம் கட்டத்தான் ஆசை. முதலில் அதையே கட்டலாமா?

கட்டிவிடலாம், பறக்கவிடுவதுதான் பாடு. போர் விமானத்தின் இறக்கை உடலின் அடிப்பக்கம் இருக்கும், நுனி குறுகலாக இருக்கும், வேகம் குறைந்தால் ஒரு பக்க இறக்கை சட்டென்று கீழே சாயும். அதைத் திருத்த உங்கள் விரல் யோசிக்காமல் அசைய வேண்டும். முதல் நாளில் எந்த விரலும் அப்படி அசையாது.

முதல் விமானத்துக்கு இறக்கை உடலின் மேலே இருக்கட்டும். இரண்டு பக்கமும் நுனி லேசாக மேல்நோக்கி வளைந்து, முன்னாலிருந்து பார்த்தால் விரிந்த ‘வி’ போலத் தெரிய வேண்டும். இப்படிப்பட்ட விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் கையிலுள்ள ரேடியோவின் ஸ்டிக்கை (விரலால் அசைக்கும் குச்சியை) விட்டுவிட்டால் தானே நிமிரப் பார்க்கும். இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் மெதுவாகவும் பறக்கும், மேசை மேல் வைத்துக் கட்டவும் வசதி. நுனிக்கு நுனி 1.2 முதல் 1.5 மீட்டர் வரை நல்ல அளவு. அதைவிடச் சிறியது காற்றில் துள்ளும், தூரத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதைவிடப் பெரியது காருக்குள் நுழையாது. ‘டிரெய்னர்’ என்று பெட்டியில் போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான்.

கிட், ஏஆர்எஃப், ஆர்டிஎஃப் என்று விதவிதமாகப் போடுகிறார்களே?

ஆர்டிஎஃப் என்றால் எல்லாம் தயார், பேட்டரியை மாட்டிப் பறக்கவிடலாம். ஏஆர்எஃப் என்றால் உடலும் இறக்கையும் கட்டி முடித்து உறை ஒட்டி வரும், மோட்டாரும் ரேடியோவும் நாம் பொருத்த வேண்டும். கிட் என்றால் வரைபடம், வெட்டிய மரத்துண்டுகள், கொஞ்சம் கம்பி, அவ்வளவுதான். இந்தப் பக்கம் மூன்றாவது வகையைப் பற்றியது.

பால்சா கிட் நல்லதா, ஃபோம் நல்லதா?

இதில் ஆளுக்கு ஒரு கட்சி. என் பதில்: கட்டுவது பால்சாவில், பறக்கக் கற்றுக்கொள்வது ஃபோமில். இரண்டையும் ஒரே விமானத்தில் செய்யப் பார்ப்பதுதான் பலரும் பாதியில் விட்டுவிடக் காரணம். மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டிய விமானத்தை முதல் தடவை மேலே அனுப்பும்போது கை நடுங்கும், நடுங்கும் கையால் ஓட்டினால் விழத்தான் செய்யும். அதனால் மாலையில் பால்சாவைக் கட்டுங்கள். ஞாயிறு காலையில் விழுந்தாலும் மனசு வலிக்காத ஒரு ஃபோம் விமானத்தில் பழகுங்கள். பால்சா கட்டி முடியும்போது விரலும் பழகியிருக்கும்.

அப்படியானால் பால்சா எதற்கு என்று கேட்பீர்கள். அந்த மரம் அத்தனை லேசு, அத்தனை விறைப்பு. ஈக்குவடோரில் சில ஆண்டுகளிலேயே நெடுநெடுவென்று வளர்ந்துவிடும் மரம் அது. பிளேடால் வெட்டலாம், விரல் நகம் பட்டால் பள்ளம் விழும். ஆனால் ரிப்பும் (இறக்கையின் குறுக்கு விலா) ஸ்பாருமாக (நுனிவரை ஓடும் நீளக் கட்டை) சேர்த்து ஒட்டிவிட்டால் முறுக்கினாலும் விட்டுக்கொடுக்காது. அதோடு, தானே கட்டியவனுக்கு உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தெரியும். உடைந்தால் எங்கே கை வைப்பது என்றும் தெரியும்.

கிட் வாங்கிவிட்டால் எல்லாம் வந்துவிடுமா?

வராது. கிட் விலையைப் பார்த்து “இவ்வளவுதானா” என்று ஷோப்பியிலோ லசாடாவிலோ ஆர்டர் போட்டுவிட்டு அப்புறம் முழிப்பவர்கள் அதிகம். தனியாக வாங்க வேண்டியவை: டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடித்து ஓட்டும் ரேடியோ), ரிசீவர் (விமானத்துக்குள் அதன் கட்டளையை வாங்குவது), மூன்று அல்லது நான்கு சர்வோ (இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்), பிரஷ்லெஸ் மோட்டார், அதை ஓட்டும் இஎஸ்சி (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), ப்ரொப்பெல்லர், லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, பேலன்ஸ் சார்ஜர் (எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றுவது), மேலே ஒட்டும் உறை, பசை வகைகள். இவற்றில் டிரான்ஸ்மிட்டரும் சார்ஜரும் அடுத்தடுத்த விமானங்களுக்கும் உதவும் என்பதால் அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். குறைந்தது ஆறு சேனல் (தனித்தனியாக அனுப்பும் கட்டளை) உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். யாரோ ஸ்டோரில் போட்டு வைத்திருந்த, நீளமான ஏரியல் இழுக்கும் பழைய செட்டைச் சும்மா கொடுத்தாலும் முதல் விமானத்துக்கு வேண்டாம்.

மோட்டார் கணக்கு பலரையும் பயமுறுத்தும், ஆனால் எளிது. டிரெய்னருக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட் சக்தி போதும். விமானம் பேட்டரியோடு ஒரு கிலோ என்று வையுங்கள். மூன்று செல் லிப்போ 11.1 வோல்ட். அதில் 18 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 200 வாட். இஎஸ்சி எப்போதும் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும், அதனால் 30 ஆம்பியர் வாங்குங்கள். மோட்டாரில் ‘1000 கேவி’ என்று எழுதியிருந்தால், சுமை இல்லாமல் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும் என்று பொருள். எண் பெரிதாக இருந்தால் சக்தி அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். டிரெய்னருக்குப் பெரிய ப்ரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும் மோட்டார்தான் பொருத்தம்.

2200 எம்ஏஎச் பேட்டரியில் எவ்வளவு நேரம் பறக்கும்? முழுவதையும் காலி செய்யக் கூடாது, 80 சதவீதம்தான் நம் கணக்கு. சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். ஆரம்பத்தில் டைமரை ஆறு நிமிடத்துக்கு வையுங்கள். தரையிறங்க இரண்டு மூன்று சுற்று வீணாகப் போகும், அதற்கும் மின்சாரம் வேண்டுமே.

மோட் 1, மோட் 2 எது?

எந்த ஸ்டிக் எதை அசைக்கும் என்ற ஏற்பாடுதான் மோட். மோட் 2-இல் த்ரொட்டிலும் (மோட்டார் வேகம்) ரட்டரும் (வாலில் நிற்கும் மடிப்பு, மூக்கை இடம் வலம் திருப்பும்) இடது ஸ்டிக்கில், எலிவேட்டரும் (வாலில் படுத்த மடிப்பு, மூக்கை ஏற்றி இறக்கும்) எய்லெரானும் (இறக்கையின் மடிப்பு, பக்கவாட்டில் சாய்க்கும்) வலது ஸ்டிக்கில். மோட் 1-இல் த்ரொட்டிலும் எலிவேட்டரும் இடம் மாறியிருக்கும். எது உயர்ந்தது என்ற சண்டைக்கே போகாதீர்கள். உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் எதில் ஓட்டுகிறாரோ அதையே வாங்குங்கள். ஆபத்து நேரத்தில் உங்கள் கையிலிருந்து பிடுங்கிக் காப்பாற்ற வேண்டியவர் அவர்தான்.

அடுக்குமாடி வீடு. இடமே இல்லை. கட்ட முடியுமா?

முடியும். வேண்டியது ஒரு மீட்டர் நீளமுள்ள தட்டையான பலகை. ஹார்ட்வேர் கடையில் கூரைக்குப் போடும் ஜிப்சம் பலகையில் ஒரு துண்டு வாங்குங்கள், குண்டூசி நன்றாக இறங்கும். வேலை முடிந்ததும் பலகையோடு தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஆனால் பலகை உண்மையிலேயே தட்டையா என்று இரும்பு ஸ்கேலைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பாருங்கள். பலகை வளைந்திருந்தால் இறக்கையும் வளைந்துதான் வரும்.

வரைபடத்தைப் பலகையில் விரித்து, அதன் மேல் சமையலறையில் சாப்பாட்டை மூடும் பிளாஸ்டிக் தாளை இறுக்கமாகப் போடுங்கள். இல்லாவிட்டால் விமானத்தோடு வரைபடமும் ஒட்டிக்கொண்டு வரும். சில கிட்களில் ஒரு பக்க இறக்கைக்குத்தான் படம் இருக்கும். அதைப் பார்த்து இரண்டு கட்டிவிட்டால் இரண்டுமே இடது இறக்கை! படத்தின் மேல் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள், தாள் கண்ணாடி போல் ஆகிவிடும். திருப்பிப் போட்டு மறுபக்க இறக்கையைக் கட்டலாம்.

எந்தப் பசை? காம் காஜா போதுமா?

மளிகைக் கடையில் கிடைக்கும் காம் காஜா என்ற உடனே ஒட்டும் பசையும் ஹாபி கடையில் விற்கும் சிஏ (சயனோஅக்ரிலேட்) பசையும் ஒரே இனம். ஆனால் ஹாபி கடையில் தண்ணீர் மாதிரி ஒன்று, தேன் பதத்தில் ஒன்று என்று வகை பிரித்துக் கிடைக்கும், அதுதான் வசதி. தண்ணீர் மாதிரி இருப்பதை முதலில் தடவிவிட்டு ஒட்டக் கூடாது. துண்டுகளைச் சரியாகப் பொருத்திப் பிடித்துக்கொண்டு விளிம்பில் ஒரு சொட்டு விட்டால் போதும், தானே உள்ளே ஓடும். இடைவெளி இருந்தால் அது பிடிக்காது, கெட்டியானதுதான் வேண்டும்.

இந்தப் பசை காற்றின் ஈரத்தில்தான் இறுகுகிறது. நம் ஊர் ஈரத்துக்குச் சொல்ல வேண்டுமா! துண்டை நகர்த்திச் சரிசெய்ய நேரமே கிடைக்காது, திறந்து வைத்த புட்டியும் சீக்கிரம் கெட்டியாகிவிடும். மூடிய புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்ததும் திறந்துவிடாமல் வெளிச்சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளேயே நீர் கோர்க்கும்.

ஒரு எச்சரிக்கை. சிந்திய சிஏ பசையைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் அது திடீரென்று சூடேறும், புகையும், விரலைச் சுட்டுவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், விசிறியைப் போட்டுப் புகையை வெளியே தள்ளுங்கள். விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் நகச்சாயம் நீக்கும் அசிட்டோனைத் தடவி மெதுவாகப் பிரியுங்கள். சாதாரண சிஏ பசை சில வகை ஃபோமைக் கரைத்தும்விடும், அதற்குத் தனி வகை உண்டு.

எல்லா இடத்துக்கும் இதையே போடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பார், உடலின் நீளக் கட்டைகள் போன்றவற்றுக்கு மஞ்சள் மரப்பசை போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். சிஏ இறுகினால் மரத்தைவிடக் கடினமாகிவிடும். மணல்தாள் போட்டுத் தேய்க்கும்போது மரம் மட்டும் தேய்ந்து பசைக் கோடு மேடாக நிற்கும். மரப்பசை அப்படிச் செய்யாது. மோட்டார் நிற்கும் முன்பலகை, இரண்டு இறக்கையும் சேரும் நடுப்பகுதி, சக்கரம் பொருத்தும் இடம் ஆகிய மூன்றுக்கும் எபாக்ஸிதான் (இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலந்து போடும் பசை), அதுவும் 30 நிமிட வகை.

இறக்கை முறுக்கிக்கொண்டதா என்று எப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். உறையின் நிறம், பளபளப்பு, ஸ்டிக்கர் எதுவும் விமானத்துக்குத் தெரியாது. இறக்கை நேராக இருக்கிறதா என்பதுதான் அதற்குத் தெரியும். முறுக்கிய இறக்கையோடு பறக்கும் விமானம் எந்நேரமும் ஒரு பக்கம் இழுக்கும். கற்றுக்கொள்பவரோ, தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இறக்கையைப் பின்விளிம்பு உங்களைப் பார்க்கும்படி கண் மட்டத்தில் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின்விளிம்பு முன்விளிம்பை மறைக்கும்வரை சாயுங்கள். நடுவிலிருந்து நுனிவரை இரண்டு கோடும் ஒன்றோடு ஒன்று பொருந்தி ஓட வேண்டும். ஒரு பக்க நுனியில் மட்டும் அடிப்பாகம் எட்டிப் பார்த்தால் அங்கே முறுக்கு இருக்கிறது. இரண்டு நுனியிலும் பின்விளிம்பு ஒரே அளவில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கியிருந்தால் பரவாயில்லை. அது நல்லதும்கூட, வேகம் குறையும்போது நுனி முதலில் துவண்டு சாயாது. நுனியில் பின்விளிம்பு கீழே தொங்கினால் மட்டும் விடவே கூடாது.

முறுக்கு வராமலிருக்க, பசை முழுக்கக் காயும்வரை குண்டூசியைப் பிடுங்காதீர்கள். மழை நாளில் இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கள். மரத்தைச் சுவரோடு சாய்த்து வைக்காமல் தட்டையாகப் படுக்க வையுங்கள். உறை ஒட்டிய பிறகு முறுக்கு வந்தால் பயப்பட வேண்டாம். எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கூடவே முறுக்கிப் பிடித்து, மேலும் கீழும் அயர்ன் சூட்டைக் காட்டி, ஆறும்வரை கையை எடுக்காமல் இருந்தால் சரியாகிவிடும். இதற்கு நாலு கை வேண்டும். வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள்.

உறை ஒட்ட வீட்டு அயர்ன் போதுமா?

போதும், சட்டை தேய்ப்பதற்குத் திரும்ப அதைக் கேட்க மாட்டார்கள் என்றால். ஒராகவர் போன்ற பிளாஸ்டிக் உறைகள் ஒரு சூட்டில் ஒட்டும், அதைவிட அதிகச் சூட்டில் சுருங்கி இறுகும். முதலில் வேண்டாத மரத்துண்டில் ஒட்டிப் பழகுங்கள். விளிம்புகளைச் சுற்றி ஒட்டிவிட்டு நடுவைக் கடைசியில் இறுக்குங்கள். மேலே ஒரு நிறம், கீழே பளிச்சென்று வேறொரு நிறம் போடுவது அழகுக்காக அல்ல, தூரத்தில் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிவதற்காக. வெள்ளையும் வெளிர்நீலமும் நம் மேகத்தில் கரைந்துவிடும்.

எடை மையம் என்று பயமுறுத்துகிறார்களே?

பயப்பட வேண்டிய விஷயம்தான். வரைபடத்தில் குறித்திருப்பார்கள். பொதுவாக இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதம். அகலம் 22 சென்டிமீட்டர் என்றால் 5.5 முதல் 6.6 சென்டிமீட்டருக்குள். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் இறக்கைக்கு அடியில் விரல்நுனி கொடுத்துத் தூக்குங்கள், பேட்டரி உள்ளே இருக்க வேண்டும். விமானம் மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடாதீர்கள். மூக்குக் கனமான விமானம் மந்தமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனமானது உங்கள் பேச்சைக் கேட்காமல் மூக்கைத் தூக்கும், வேகம் இழக்கும், விழும்.

வால் நீளமானது, மூக்கு குட்டையானது. அதனால் வாலில் 10 கிராம் கூடினால் ஈடுகட்ட மூக்கில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஈயம் வைக்க வேண்டி வரும். வாலுக்குக் கிட்டில் உள்ளதிலேயே லேசான மரத்தைப் பொறுக்குங்கள், அங்கே பசையை அள்ளிப் பூசாதீர்கள். ஈயம் வைப்பதற்கு முன்னால் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும்.

லிப்போ பேட்டரி தீப்பிடிக்குமாமே?

அதிகமாகச் சார்ஜ் ஏற்றினால், குத்துப்பட்டால், வீங்கியதை விடாமல் பயன்படுத்தினால் பிடிக்கும். ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏறக் கூடாது. 3.3-க்குக் கீழே இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ் சார்ஜரில், 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு மேல் போகாமல், நீங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். சிமெண்ட் தரை அல்லது பீங்கான் தட்டு நல்லது, மெத்தை மேலே வேண்டவே வேண்டாம். பறக்காமல் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கப் போகிறீர்கள் என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு மாமாக் கடையில் உட்கார்ந்துவிடாதீர்கள். விமானம் விழுந்தபின் பேட்டரி பார்க்க நன்றாக இருந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் வெளியே சிமெண்ட் தரையில் கொஞ்ச நேரம் வைத்துக் கவனியுங்கள். சில சமயம் தாமதித்துப் பற்றும்.

பறக்கவிடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

வீட்டில் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். இதில் விதிவிலக்கே கிடையாது. மின் மோட்டார் எச்சரிக்காமல் சுற்றத் தொடங்கும், விரலைப் பதம் பார்த்துவிடும்.

விமானத்தின் பின்னால் நில்லுங்கள். வலது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லெரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். எலிவேட்டர் உள்ள ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். சும்மா அசைகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவதால்தான் எய்லெரான் தலைகீழாக இருப்பது தெரியாமல் போகிறது. அப்படி மேலே போன விமானம் பத்து விநாடிகூடத் தாங்காது. அப்புறம் ரேடியோவின் தூரச் சோதனை. டிரான்ஸ்மிட்டரில் அதற்கென்று சக்தியைக் குறைக்கும் வசதி இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு முப்பது தப்படி நடந்துபோய்ப் பாருங்கள். கடைசியாக, விமானத்தை ஒருவர் இறுகப் பிடித்திருக்க டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் (ரேடியோ தொடர்பு அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு) சரியாக அமைக்கவில்லை.

பினாங்கில் எங்கே பறக்கவிடலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸில் பினாங்கு அனைத்துலக விமான நிலையம். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். நடுவில் நாம். அதனால் “எங்கள் தாமான் திடல் காலியாகத்தானே இருக்கிறது” என்பது போதுமான காரணம் ஆகாது. மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகள் 2016-இல் ஆளில்லா விமானங்களுக்கு ஒரு பகுதி உண்டு. கேமரா இல்லை, பொம்மைதானே என்று சொல்லித் தப்ப முடியாது. அனுமதியின்றி 400 அடிக்கு மேல் போகக் கூடாது, விமான நிலையச் சுற்றுவட்ட வான்பகுதிக்குள் பறக்கக் கூடாது, விமானம் எந்நேரமும் உங்கள் வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 400 அடி என்பது ஏறக்குறைய 120 மீட்டர், கொம்தார் கோபுரத்தின் ஏறக்குறைய பாதி உயரம். டிரெய்னருக்கு அதில் பாதி உயரமே தாராளம். இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அது எந்த வான்பகுதியில் வருகிறது, என்ன அனுமதி தேவை என்று விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மிடம் முதலில் கேட்டுவிடுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, நண்பர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். திடல் என்றால் மாநகர் மன்றத்தின் அனுமதி, தனியார் நிலம் என்றால் சொந்தக்காரரின் அனுமதி, அதுவும் வேண்டும்.

நடைமுறையில், ஏற்கெனவே அனுமதியோடு பறக்கவிடும் குழுவோடு சேர்ந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். சட்டம், இடம், குரு மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். எந்த இடமாக இருந்தாலும் நெடுஞ்சாலை, மின்கம்பி, பள்ளிக்கூடம், கால்பந்து ஆடும் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் பாருங்கள். ஒரு கிலோ எடையும் சுழலும் ப்ரொப்பெல்லரும் ஒருவர் தலையில் மோதினால் அது பொம்மையே அல்ல.

எந்த நேரம் நல்லது?

விடிந்ததும். பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழும்பத் தொடங்கும், மதியம் வெயிலில் தரையிலிருந்து காற்று குமிழியிட்டு மேலே தள்ளும். மாலை ஆறு மணிக்கு மேல் மறுபடி அடங்கும், ஆனால் கற்றுக்கொள்பவர் மங்கும் வெளிச்சத்தை நம்பக் கூடாது. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நமக்கு வறண்டவை. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும், அப்போது பறக்கவிடாதீர்கள், நூறு மீட்டர் தாண்டியதும் எந்தப் பக்கம் பார்த்துப் பறக்கிறது என்றே தெரியாது. அந்த மாதங்களைக் கட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குரு இல்லாமல் தானே கற்றுக்கொள்ள முடியாதா?

முடியும், செலவு கூடும். கணினியில் சிமுலேட்டர் போட்டு உங்கள் டிரான்ஸ்மிட்டரையே அதோடு இணைத்துப் பழகுங்கள். புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விமானம் உங்களை நோக்கி வரும்போது இடது வலது மாறிவிடும். அதற்கு ஒரு சுலபமான வழி: எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமாக, அதற்கு முட்டுக் கொடுப்பதுபோல் ஸ்டிக்கைத் தள்ளுங்கள். யோசிக்கவே வேண்டாம், நிமிர்ந்துவிடும்.

முதல் பறப்பில் காற்றை எதிர்த்து ஏற்றுங்கள். இரண்டு தென்னை உயரம் வந்ததும் பதறித் திருப்பாதீர்கள், இன்னும் கொஞ்சம் ஏறட்டும். உயரம் இருந்தால் தவறைத் திருத்த நேரம் இருக்கும். மேலே போனபின் த்ரொட்டிலைப் பாதியாகக் குறைத்து, ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் போகும்வரை டிரிம் பட்டனை (ஸ்டிக்குக்குப் பக்கத்தில் இருக்கும் நுண்திருத்தப் பட்டன்) தட்டுங்கள். அப்புறம் அங்கேயே வேகத்தை மெல்லக் குறைத்து, எந்த வேகத்தில் மூக்குக் கவிழ்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தரையிறங்கும்போது அந்த வேகத்தைத் தொடக் கூடாது.

விழுந்து உடைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதானா?

சுள்ளியைக்கூட விடாமல் பொறுக்கி ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு வாருங்கள். பால்சா முறிந்த விளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று அப்படியே பொருந்தும். சேர்த்துப் பிடித்து ஒரு சொட்டு சிஏ விட்டால் பழைய பலம் வந்துவிடும். உறையை மட்டும் அந்த இடத்தில் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு ஒட்டுங்கள்.

இறக்கையை நட்டு போட்டு முடுக்குவதா, ரப்பர் பேண்ட் மாட்டுவதா என்று கிட்டில் இரண்டு வழியும் இருந்தால் ரப்பர் பேண்டைத் தேர்ந்தெடுங்கள். நுனி தரையில் இடித்தால் இறக்கை நகர்ந்து கொடுக்கும், முறியாது. பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். பறந்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள், நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் இற்றுப்போகும்.

செம்பனைத் தோட்டத்துக்குள் போய் விழுந்துவிட்டால்?

விழும்போதே கண்ணை எடுக்காமல் எந்த மரத்தின் நேர்க்கோட்டில் மறைந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் நின்ற இடத்திலேயே நின்று கைகாட்டட்டும். தனியாகப் போகாதீர்கள். பூட்ஸ் போடுங்கள், செம்பனைக்கு அடியில் நாகம் இருக்கும், மட்டையில் முள் இருக்கும். மரத்தில் மாட்டியிருந்தால் கல் எறியாமல், ஏறாமல், குலை வெட்டுபவரின் நீளக் கம்பைக் கேட்டு வாங்கி அல்லது அவரையே கேட்டு இறக்குங்கள். பேசாமல் உள்ளே நுழையக் கூடாது, தோட்டக் காவலரிடம் சொல்லிவிட்டே போங்கள்.

எத்தனை வயதுப் பிள்ளைக்கு இது சரிவரும்?

பிளேடையும் பசையையும் பொறுமையாகக் கையாளும் பிள்ளை என்றால் பத்து வயதிலேயே பக்கத்தில் உட்கார வைக்கலாம். பேட்டரியும் ப்ரொப்பெல்லரும் மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும். அப்பா கட்ட, பையன் வேடிக்கை பார்க்க என்றால் இரண்டாவது மாலையே அவன் கைப்பேசிக்குப் போய்விடுவான். வாலை முழுக்க அவனிடமே கொடுத்துவிடுங்கள், சின்ன வேலை, சீக்கிரம் முடியும்.

தமிழ்நாட்டுக்குப் போகும்போது சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்துப் போகலாமா?

வேண்டாம். பேட்டரி சிக்கல்கூட இல்லை. 11.1 வோல்ட், 2200 எம்ஏஎச் பேட்டரி 24 வாட்-மணிதான், 100 வாட்-மணிக்குள் இருப்பவற்றை முனைகளில் டேப் ஒட்டிக் கைப்பையில் கொண்டுபோக விமான நிறுவனங்கள் பொதுவாக விடுகின்றன. பெரிய பெட்டியில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பத்தான் கூடாது. சிக்கல் அந்தப் பக்கம். இந்தியா 2022 பிப்ரவரியில் டிரோன் இறக்குமதிக்குத் தடை போட்டது. ரேடியோவும் மோட்டாரும் உள்ள உங்கள் பால்சா விமானத்தைச் சுங்க அதிகாரி எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்பது அன்றைக்கு அவர் பார்க்கிற பார்வையைப் பொறுத்தது. மாதக்கணக்கில் கட்டியதை அங்கே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். ரப்பர் முறுக்கிப் பறக்கவிடும் சின்ன பால்சா விமானம் இரண்டு மூன்று வாங்கிப் போங்கள், மொட்டைமாடியில் பிள்ளைகளே ஒட்டிப் பறக்கவிடலாம்.